மேஸ்திரி, மாஸ்டர், மிஸ்: மூன்றுக்கும் ஒரே பூர்வீகம்! ரோமிலிருந்து ராயபுரத்துக்கு வந்த சொல்லின் கதை

திருவொற்றியூரில் வீடு கட்டினால், வேலையாட்களை அழைத்து வருபவர் மேஸ்திரி. ராயபுரத்தில் டீக்கடைக்குப் போனால், 'மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒண்ணு'. ஸ்கூல் விட்டு வரும் பிள்ளை வாசலிலேயே சொல்கிறது, 'இன்னைக்கு மிஸ் திட்டிட்டாங்க'. சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பலின் கேப்டனுக்கு, சட்ட ஆவணங்களில் பெயர் 'மாஸ்டர்'.

இந்த நாலு பேரும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொள்ள வாய்ப்பே இல்லை. ஆனால், நாலு பேரையும் நாம் கூப்பிடும் சொல் ஒன்றுதான். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரியில் புழங்கிய 'மகிஸ்தெர்' என்ற லத்தீன் சொல், வேறு வேறு வழிகளில் வடசென்னைக்கு வந்து சேர்ந்து, வேறு வேறு வேலைகளில் உட்கார்ந்துகொண்டது. எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்து, அதற்குக் கிடைத்த மரியாதையும் சம்பளமும்கூட மாறியது.

அதெப்படி?

கூட இருப்பவரும் குறைந்தவரும்

லத்தீனில் 'மகிஸ்' என்றால் 'அதிகமாக', 'கூடுதலாக'. நம்ம 'மகா'வும், கிரேக்கத்திலிருந்து வந்த 'மெகா'வும் இதற்கு ஒன்றுவிட்ட உறவுகள். 'மகிஸ்'ஸிலிருந்து பிறந்தவர் மகிஸ்தெர்: மற்றவர்களைவிட ஒரு படி மேலே இருப்பவர்.

எதில் மேலே? அதைப் பக்கத்துச் சொல்தான் சொல்லும். பள்ளிக்கூடத்தில் இருந்தால் ஆசிரியர். குதிரைப்படையில் இருந்தால் தளபதி. கப்பலில் இருந்தால், கப்பலின் பொறுப்பாளர். ரோமானியச் சட்டமே அவரை 'மகிஸ்தெர் நாவிஸ்' என்றுதான் குறிப்பிட்டது. இன்றைக்கும் கப்பல் சட்டம் கேப்டனை 'மாஸ்டர்' என்பது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. நீதிமன்றத்தில் இருக்கும் மாஜிஸ்திரேட்டும் இதே வேரிலிருந்து முளைத்தவர்தான்.

மகிஸ்தெருக்கு நேர் எதிர்ச்சொல் ஒன்றும் உண்டு. 'மினுஸ்' என்றால் குறைவு. அதிலிருந்து வந்தவர் 'மினிஸ்தெர்', அதாவது பணியாள், ஏவலாள். ராஜாவுக்குப் பக்கத்தில் நின்ற பணியாளுக்குக் காலப்போக்கில் செல்வாக்கு கூடியது. அவர் மினிஸ்டர் ஆனார். இன்றைக்குச் சைரன் வைத்த காரில் வருவது 'குறைந்தவர்'. கலவை போடும் இடத்தில் வெயிலில் நிற்பது 'கூடியவர்'!

ஐரோப்பாவில் இரண்டாகப் பிரிந்த பாதை

ரோமப் பேரரசு சிதறிய பிறகு, லத்தீன் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி தேய்ந்தது. மகிஸ்தெரின் நடுவில் இருந்த 'கி' பல இடங்களில் உதிர்ந்துபோனது. இத்தாலியில் 'மாஎஸ்த்ரோ', போர்ச்சுகலில் 'மெஸ்த்ரெ', பிரான்ஸில் முதலில் 'மெஸ்த்ர்', பிறகு 'ஸ்'-உம் போய் 'மேத்ர்'. ஜெர்மனியில் 'மைஸ்டர்', இங்கிலாந்தில் 'மாஸ்டர்'.

பொருளும் பிரிந்தது. இடைக்காலத்தில் இரண்டு அமைப்புகள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டன. ஒன்று பல்கலைக்கழகம். அங்கே பாடம் நடத்தத் தகுதி பெற்றவர் மாஸ்டர். நாம் வாங்கும் மாஸ்டர்ஸ் டிகிரி அங்கிருந்து வந்தது. இன்னொன்று கைவினைஞர் சங்கம். ஒரு பையன் பட்டறையில் எடுபிடியாகச் சேர்வான், தொழில் பழகுவான், கூலிக்கு வேலை செய்வான். கடைசியில் தன் திறமையைக் காட்ட ஒரு பொருளைச் செய்து சங்கத்தின் முன்னால் வைப்பான். அது தேறினால்தான் அவன் மாஸ்டர். 'மாஸ்டர்பீஸ்' என்று நாம் சொல்வது அந்தப் பரீட்சைப் பொருளைத்தான்.

இன்றும் ஒவ்வொரு நாட்டிலும் இந்தச் சொல் ஒவ்வொரு வேலை பார்க்கிறது. பிரான்ஸில் வக்கீலை 'மேத்ர்' என்றுதான் அழைக்க வேண்டும். ஸ்பெயினில் 'மாஎஸ்த்ரோ' பள்ளி ஆசிரியர். இத்தாலியில் அதே சொல் இசை மேதைக்கும் போனது. நாம் இளையராஜாவை 'மேஸ்ட்ரோ' என்பது அந்த வழி வந்தது. ஜெர்மனியில் ஊர் மேயருக்கு 'ப்யூர்கர்மைஸ்டர்' என்று பெயர். தெற்கு பிரான்ஸில் பலமாக வீசும் வாடைக்காற்றுக்கு 'மிஸ்த்ரால்' என்று பெயர். காற்றுகளுக்கெல்லாம் மாஸ்டர் என்று அர்த்தம்!

இங்கிலாந்தில் 'மாஸ்டர்' தேய்ந்து 'மிஸ்டர்' ஆனது. ஒரு காலத்தில் அந்தஸ்து உள்ளவருக்கு மட்டும் போட்ட பட்டம். பிறகு எல்லாருக்கும் போட்டார்கள். நம்ம ஊர் பஸ்ஸில் 'ஹலோ மிஸ்டர்!' என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்து மரியாதை வராது, சண்டைதான் வரும்.

முதல் கப்பல்: போர்த்துகீசியர்

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் மயிலாப்பூர் சாந்தோமில் குடியேறினார்கள். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டிலும் வியாபாரம் செய்தார்கள். கோட்டை கட்ட, கப்பல் செப்பனிட, தேவாலயம் எழுப்ப அவர்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். வேலையை முன்னின்று நடத்துபவர் அவர்கள் மொழியில் 'மெஸ்த்ரெ'. தமிழ் நாக்கில் அது 'மேஸ்திரி' ஆனது.

தனியாக வரவில்லை. சாவி, மேசை, அலமாரி, ஜன்னல், பாதிரி என்று ஒரு பட்டாளமே கூட வந்தது. எல்லாம் லத்தீன் வேர், போர்த்துகீசிய வழி.

1639இல் ஆங்கிலேயர்கள் சென்னையில் இடம் வாங்கிய பிறகும், கடற்கரையில் பேரம் பேசும் மொழியாகப் போர்த்துகீசியமே நீடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரிமார்கள் இங்கே வந்த ஓராண்டுக்குள் அந்த மொழியைக் கற்க வேண்டும் என்று 1698 சாசனம் சொன்னது. அதனால் 'மேஸ்திரி'யை ஆங்கிலேயர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதி ஒரு சுவையான தகவல் தருகிறது. தென்னிந்தியாவில் வெள்ளைக்காரர் வீட்டில் 'மேஸ்திரி' என்றால் சமையல்காரர் அல்லது தையல்காரர். இன்றைக்குப் பரோட்டா போடுபவரும் மாஸ்டர், துணி தைப்பவரும் மாஸ்டர். அதே சொல் ஆங்கிலம் வழியாக இரண்டாவது முறை வந்து, பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டது.

ஒரே கூரை, இரண்டு சம்பளம்

1856இல் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1870களில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் எழும்பத் தொடங்கியது. பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் வந்தன. வடசென்னை தொழிற்பகுதியாக மாறியது.

அந்தக் காலத்து மில்களில் 'ஸ்பின்னிங் மாஸ்டர்', 'வீவிங் மாஸ்டர்' என்ற பதவிகளில் ஐரோப்பியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கீழே, தொழிலாளர்களை மேய்க்கும் பொறுப்பில் இந்திய மேஸ்திரிகள். மாஸ்டரும் மேஸ்திரியும் ஒரே சொல். ஆனால் லண்டன் வழியாக வந்த சொல்லுக்கு ஒரு சம்பளம், லிஸ்பன் வழியாக வந்து தமிழாகிப்போன சொல்லுக்கு இன்னொரு சம்பளம்.

இங்கேதான் பொருளும் மாறுகிறது. ஐரோப்பியச் சங்கத்தில் மாஸ்டர் ஆக, தொழில் தெரிந்திருக்க வேண்டும். இங்கே மேஸ்திரியின் பலம் கைத்திறன் மட்டுமல்ல. 'நாளைக்கு நாப்பது ஆள் வேணும்' என்றால் கொண்டுவந்து நிறுத்த முடியுமா? அதுதான் கேள்வி. நிர்வாகத்துக்குத் தொழிலாளியின் மொழி தெரியாது, பெயர் தெரியாது. வேலைக்கு எடுப்பது, நிறுத்துவது, லீவு கொடுப்பது எல்லாம் நடைமுறையில் மேஸ்திரி கையில். அதிகம் தெரிந்தவர் என்ற சொல், அதிக ஆள் வைத்திருப்பவர் என்று ஆனது.

அதன் விலையைத் தொழிலாளிதான் கொடுத்தார். வேலையில் சேர மாமூல், வேலை நிலைக்க மாமூல். அவசரத்துக்கு மேஸ்திரியிடமே வட்டிக்குக் கடன்.

கடல் தாண்டியும் இது போனது. இலங்கை, மலேயா தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. பர்மாவுக்கு ஆள் சேர்த்தவர் மேஸ்திரி. தெலுங்கு மாவட்டங்களிலிருந்தும் தமிழ் மாவட்டங்களிலிருந்தும் ரங்கூனின் அரிசி ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் போனவர்களுக்கு, முன்பணமும் கப்பல் கட்டணமும் அவர் கொடுப்பார். அந்தக் கடன் தீரும்வரை அவர் பிடியிலிருந்து நகர முடியாது. கூலியிலும் அவருக்குப் பங்கு. ஆசிரியரைக் குறித்த சொல், கடன் கயிற்றின் நுனியைப் பிடித்திருப்பவரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

மேஸ்திரிக்குப் பதில் எச்.ஆர்.

1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னணியில் நின்றார்கள். தொழிலாளி தன் குறையை மேஸ்திரியைத் தாண்டி நேராகச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது.

1929இல் அமைக்கப்பட்ட ராயல் தொழிலாளர் கமிஷன், 1931இல் அறிக்கை கொடுத்தது. பம்பாயில் முக்காதம், கல்கத்தாவில் சர்தார், மதராஸில் மேஸ்திரி என்று பெயர்கள் வேறு, பிரச்சினை ஒன்று என்பது அதில் பதிவானது. ஆள் எடுக்கும், நிறுத்தும் அதிகாரத்தை இவர்களிடமிருந்து வாங்கி, தனியாக லேபர் ஆபீசரிடம் கொடுக்கச் சொன்னது கமிஷன். இன்றைய எச்.ஆர். துறைக்கு அவரை முன்னோர்களில் ஒருவர் எனலாம். 1936இல் கூலி வழங்கல் சட்டம் வந்தது. உரிய நாளில், கண்டபடி பிடித்தம் இல்லாமல் கூலி தர வேண்டும் என்றது. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்றிருந்த துறைமுகத் தொழிலாளர்களுக்கு 1948இல் தனிச் சட்டம் வந்தது.

மாஸ்டர் என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு விசாரணை நடந்தது. அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்தவரும் 'மாஸ்டர்'தான். பிரேக்கில் 'மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர்' என்று மெக்கானிக்குகள் சொல்வதில் அந்த ஜோடி இன்னும் இருக்கிறது. கோடிங் தெரிந்தவர்களுக்கு நினைவிருக்கும்: 2020 அக்டோபரில் கிட்ஹப் தளம், புதிய திட்டங்களின் முதன்மைக் கிளைக்கு வைத்திருந்த 'மாஸ்டர்' என்ற பெயரை 'மெயின்' என்று மாற்றியது.

பெண்களுக்கு என்ன ஆச்சு?

மாஸ்டருக்குப் பெண்பால் 'மிஸ்ட்ரஸ்'. முதலில் வீட்டுத் தலைவி, ஆசிரியை என்று கௌரவமாகத்தான் இருந்தது. பிறகு ஆங்கிலத்தில் 'வைப்பாட்டி' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ஆண்பால் சொல்லுக்கு அப்படி எதுவும் ஒட்டவில்லை. மிஸ்ட்ரஸைச் சுருக்கிப் பிறந்தவைதான் மிஸஸும் மிஸ்ஸும். ஆக, நம் பிள்ளைகள் 'மிஸ்' என்று ஆசிரியையைக் கூப்பிடும்போது, சொல் சுற்றி வந்து பழைய வகுப்பறைக்கே திரும்பியிருக்கிறது.

கட்டட வேலையில் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ஆண் சித்தாளாகச் சேர்ந்து, கரண்டி பிடித்து கொத்தனாராகி, மேஸ்திரி ஆவார். பெண் பெரும்பாலும் சித்தாளாகவே சேர்ந்து, சித்தாளாகவே ஓய்வு பெறுவார். மேஸ்திரி என்ற சொல்லுக்குள் 'ஸ்திரி' இருக்கிறது. ஸ்திரிகளுக்குத்தான் அந்த இடம் கிடைப்பதில்லை.

மிஸ்திரி வேறு, மேஸ்திரி வேறு

இந்தச் சொல் வடக்கேயும் போய் 'மிஸ்திரி' ஆகியிருக்கிறது. எழுத்தாளர் ரோஹின்டன் மிஸ்திரியின் பெயரில் இருப்பதும் அதுதான். ஆனால் இந்தியில் மிஸ்திரி என்றால் கொத்தனார், தச்சர், மெக்கானிக் என எந்தக் கைத்தொழில்காரரும் ஆகலாம். தமிழில் பெரும்பாலும் ஆட்களை வைத்து வேலை வாங்குபவர்.

வடசென்னையின் கட்டட வேலைகளுக்கு இன்று பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் 'மே மிஸ்திரி ஹூம்' என்றால், 'எனக்குத் தொழில் தெரியும், எடுபிடிக் கூலி போடாதீங்க' என்று சொல்கிறார். நம் காதில் 'நான்தான் இவங்களுக்குத் தலைவர்' என்று விழலாம். கூலி பேசும் இடத்தில் அந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆளை அழைத்து வந்தவரிடம் மட்டும் கணக்கு முடித்துவிட்டால், சுவர் எழுப்பியவர் கைக்கு எவ்வளவு போனது என்று நமக்குத் தெரியாமலே போகும்.

எனவே வேலைக்கு ஆள் வைக்கும்போது பட்டத்தை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம். என்ன வேலை தெரியும், அதற்கு என்ன கூலி, பணத்தை யார் கையில் கொடுக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.