எந்த மாதத்து லாரி?

வியட்நாம் போரில் லாரி ஓட்டிய ஒருவருக்காக அவருடைய பழைய வண்டியைச் சிறிய அளவில் செய்து தர முன்வரும் மாடல் கலைஞர் முதலில் லாரியின் பெயரைக் கேட்பார். அந்தப் பெயர் மட்டும் போதாது. எந்த ஆண்டு, எந்த மாதத்தில் இருந்த லாரி என்பதும் தெரிந்தாக வேண்டும். மார்ச்சில் பார்த்த வண்டி அக்டோபரிலும் அப்படியே இருந்தது என்று சொல்ல முடியாது. இடையில் கண்ணிவெடியில் முன்சக்கரம் போய்ப் புதுச் சக்கரம் வந்திருக்கலாம். பக்கத் தகட்டை மாற்றியிருக்கலாம். வலப்புறம் இருந்த இயந்திரத் துப்பாக்கி பின்புறத்துக்குப் போயிருக்கலாம். ஊர் திரும்பிய ஒருவர் எழுதிவைத்த பெயரை, அடுத்து வந்தவர் வேறு வண்ணத்தில் வேறு எழுத்தில் மறுபடி எழுதியிருக்கலாம்.

டாங்கியையோ போர் விமானத்தையோ செய்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவற்றுக்குத் தொழிற்சாலை வரைபடம் உண்டு, கையேடு உண்டு, அருங்காட்சியகங்களில் அளந்து பார்க்க அசல் வண்டிகள் உண்டு. அமெரிக்க வீரர்கள் 'கன் டிரக்' என்று அழைத்த துப்பாக்கி லாரிக்கு இவை அநேகமாக எதுவும் கிடையாது. அதை வடிவமைத்ததும், வெட்டி ஒட்டியதும், ஓட்டியதும், அதில் நின்று சுட்டதும் ஒரே ராணுவக் கம்பெனியைச் சேர்ந்த ஆட்கள்தாம். அந்த வண்டி எப்படி இருந்தது என்பதற்கு அவர்களுடைய நினைவும் கையில் மிஞ்சிய சில புகைப்படங்களுமே சாட்சி. ஒரு படைவீரருக்காக மாடல் செய்வது என்பது, அன்று யாரும் வரையாத வரைபடத்தை ஐம்பது ஆண்டுகள் கழித்து அவரோடு உட்கார்ந்து வரையும் வேலை.

துப்பாக்கி லாரி பிறந்த இடம் 19-ஆம் நெடுஞ்சாலை. வியட்நாமின் நடுப்பகுதியில் கடற்கரை நகரமான குய் நியோனிலிருந்து மேட்டுநிலத்துப் பிளைகு வரை ஏறத்தாழ 160 கிலோமீட்டர் போகும் சாலை அது. கப்பலில் வந்து இறங்கிய எரிபொருள், குண்டு, உணவு எல்லாம் இந்த வழியாகத்தான் மேலே ஏறவேண்டும். நடுவில் ஆன் கே, மாங் யாங் என்று இரண்டு கணவாய்கள். வளைவில் லாரி ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்துவிடும், இருபுறமும் புதர் நெருங்கி நிற்கும். 1954 ஜூனில் பிரெஞ்சு ராணுவத்தின் நடமாடும் படைப்பிரிவு 100 சிதைந்து போனதும் இதே சாலையில்தான்.

1967 செப்டம்பர் 2 அன்று பிளைகுவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 8-ஆம் போக்குவரத்துக் குழுமத்தின் லாரி வரிசை ஒன்று பதுங்கித் தாக்கப்பட்டது. சண்டை பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை என்கிறார்கள். 7 பேர் இறந்தார்கள், 17 பேர் காயமடைந்தார்கள், ஏறத்தாழ 30 வண்டிகள் எரிந்தன அல்லது சேதமாயின. ஓட்டுநர்கள் கையில் இருந்தது ஆளுக்கொரு துப்பாக்கி மட்டுமே. சாலையைக் காக்க நிறுத்தப்பட்ட படைகளால் ஒவ்வொரு வளைவிலும் நிற்க முடியவில்லை. காவலுக்கு வேறு யாரையும் எதிர்பார்த்துப் பயனில்லை, நம் லாரிகளை நாமே காப்போம் என்ற முடிவுக்குக் குழுமத்தின் தளபதி கர்னல் ஜோ பெல்லினோ வந்தார்.

முதலில் செய்தது மிக எளிய ஏற்பாடு. இரண்டரை டன் லாரியின் பின்தட்டைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கி, நடுவே எம்-60 இயந்திரத் துப்பாக்கிகளோடு ஆட்கள் நின்றார்கள். மழைக்காலம் வந்ததும் மூட்டைகள் தண்ணீர் குடித்துக் கனத்தன, லாரி திணறியது. மூட்டைகளை எடுத்துவிட்டு இரும்புத் தகடு வைத்தார்கள். தகட்டின் எடையைச் சின்ன லாரி தாங்காததால் ஐந்து டன் லாரிக்கு மாறினார்கள். ஒரு சுவர் போதாது என்று தெரிந்ததும் நடுவில் இடைவெளி விட்டு இரட்டைச் சுவர் எழுப்பினார்கள். முதல் தகடு குண்டின் வேகத்தை உடைக்கும், இரண்டாவது அதைத் தடுத்து நிறுத்தும். எம்-60 போய் 12.7 மில்லிமீட்டர் பிரௌனிங் வந்தது. சில கம்பெனிகள், அடிபட்டு ஒதுக்கப்பட்ட எம்-113 கவச வண்டியின் உடலை அப்படியே தூக்கி லாரியின் முதுகில் உட்காரவைத்தன.

இவற்றில் எதுவும் ராணுவத்தின் அனுமதிப் பட்டியலில் இல்லை. சரக்கு ஏற்ற வேண்டிய லாரியைக் காவலுக்கு ஒதுக்கினால் கம்பெனியின் சரக்குக் கணக்கு குறையும். எனவே தகடும் துப்பாக்கியும் கேட்டும், மாற்றியும், சில வேளை கேட்காமல் எடுத்தும் சேர்த்தார்கள். நூறு வண்டிகள் வரை நீண்டிருந்த வரிசைகள் சுருக்கப்பட்டன, பத்துச் சரக்கு லாரிகளுக்கு ஒரு துப்பாக்கி லாரி என்பது ஏற்பாடாயிற்று. தாக்குதல் நடந்தால் மற்ற வண்டிகள் வேகமெடுத்துத் தப்பவேண்டும், துப்பாக்கி லாரி மட்டும் சண்டைக்குள் திரும்பிப் போகவேண்டும். அந்த வேலைக்கு ஆட்கள் தாமாக முன்வந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது.

அவர்கள் வண்டிக்குப் பெயர் வைத்த விதத்தில் அவர்களுடைய வயது தெரிகிறது. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களின் காதில் வானொலி பாடிக்கொண்டே இருந்திருக்கிறது. 'ஈவ் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' என்பது 1965-இல் பாரி மெக்வைர் பாடிப் புகழ்பெற்ற பாட்டு. 'பால் ஆஃப் கன்ஃப்யூஷன்' டெம்ப்டேஷன்ஸ் குழுவின் பாட்டு. 'அங்கிள் மீட்' ஃபிராங்க் ஸப்பாவின் இசைத்தட்டு. 'புரூட்டஸ்', 'கிங் கோப்ரா', 'கோல்ட் ஸ்வெட்', 'நான்சி' என்று பட்டியல் நீளும். பக்கச் சுவர் முழுக்கப் பெரிய எழுத்தில் பெயர் வரைந்தார்கள், பல வண்டிகளைக் கறுப்பாக்கினார்கள். ராணுவ வண்டி கண்ணில் படாமல் இருக்கவேண்டும் என்ற விதிக்கு இது நேர் எதிர். தூரத்திலேயே இந்த வண்டியைப் பார்த்து எதிரி தயங்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. பையன்கள் ஓராண்டு முடிந்ததும் ஊருக்குப் போனார்கள். வண்டி அடுத்தவர் கைக்குப் போனது, பெயர் நிலைத்தது.

புரூட்டஸ் என்ற பெயரைச் சொன்னால் துப்பாக்கி லாரிக்காரர்கள் நினைப்பது லேரி டால் என்ற இளைஞரைத்தான். 359-ஆம் போக்குவரத்துக் கம்பெனியின் துப்பாக்கி வீரர் அவர். 1971 பிப்ரவரி 23 அன்று ஆன் கே அருகே தாக்கப்பட்ட வரிசைக்கு உதவப் போன புரூட்டஸுக்குள் ஒரு கையெறி குண்டு வந்து விழுந்தது. டால் தோழர்களை எச்சரித்துவிட்டு அதன்மேல் பாய்ந்தார். வயது 21. இரண்டரை ஆண்டு முன்பு, 1968 ஆகஸ்ட் 25 அன்று, டாய் நின் நோக்கிப் போன வரிசையில் வெடிமருந்து ஏற்றிவந்த ஓட்டுநர் வில்லியம் சீ, தன் பக்கம் வந்து விழுந்த கையெறி குண்டுகளை எடுத்துத் திருப்பி வீசினார். வலது மணிக்கட்டில் அடிபட்ட பிறகு இடக்கையால் சுட்டபடியே உயிர்விட்டார். இருவருக்கும் இறந்த பிறகு மெடல் ஆஃப் ஆனர் விருது கிடைத்தது, இருவர் பெயரிலும் அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல்கள் ஓடின. சண்டைப் பிரிவுகளின் புகழுக்கு நடுவே லாரி ஓட்டியவர்களைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது நியாயமில்லை.

போர் முடிந்தபோது துப்பாக்கி லாரிகளில் பெரும்பாலானவற்றின் தகட்டைக் கழற்றி மறுபடி சரக்கு லாரி ஆக்கினார்கள், அல்லது அங்கேயே விட்டுவந்தார்கள். அமெரிக்காவுக்குத் திரும்பியது ஒன்றே ஒன்று. 523-ஆம் போக்குவரத்துக் கம்பெனியின் 'ஈவ் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' வர்ஜீனியாவில் ஃபோர்ட் யூஸ்டிஸ் போக்குவரத்துப் படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மற்ற வண்டிகளின் ஆட்கள் தம் லாரியை மறுபடி பார்க்கவேண்டுமென்றால் யாராவது செய்து கொடுத்தால்தான் உண்டு.

செய்வது 1/35 அளவில். ஜப்பானில் ஷிசுவோக்காவின் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கி மாடல் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கும்படி உடலை அமைத்தார்கள். கணக்குப் பார்த்தபோது அது அசலில் 35-இல் ஒரு பங்காக இருந்தது. அந்தத் தற்செயல் அளவே உலகம் முழுவதும் ராணுவ மாடல்களின் பொது அளவாகிவிட்டது. முன்னால் வின்ச் பொருத்திய ஐந்து டன் லாரி ஏறத்தாழ 8 மீட்டர் நீளம், 1/35-இல் 23 சென்டிமீட்டர். மேசைமேல் வைத்தால் இரண்டு கையாலும் தூக்கலாம்.

தைவானின் ஏஎஃப்வி கிளப் இரண்டரை டன், ஐந்து டன் லாரிகளை பிளாஸ்டிக் கிட்டாக வெளியிட்டிருக்கிறது, அவற்றில் வியட்நாம் துப்பாக்கி லாரிகளும் உண்டு. செக் நாட்டின் ரியல் மாடல் ரெசினில் கவசப் பெட்டிகள் வார்த்துத் தந்தது. ஆனால் கேட்கும் படைவீரரின் வண்டி கிட்டில் இருக்கும் வண்டியாக அமைவது அபூர்வம். அடிச்சட்டம், சக்கரம், எஞ்சின் மூடி மட்டும் கிட்டிலிருந்து வரும். பின்புறப் பெட்டியை பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிப் புதிதாகச் செய்யவேண்டும்.

கண்ணை ஏமாற்றுவது தடிமன். கால் அங்குல இரும்புத் தகடு 1/35-இல் 0.18 மில்லிமீட்டர், அதாவது இரண்டு தாள் காகிதத்தைவிட மெல்லியது. அவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக்கில் சுவர் எழுப்பினால் வளையும், தடித்த தகட்டில் செய்தால் பொம்மையாகத் தெரியும். கைதேர்ந்தவர்கள் தடித்த தகட்டையே வைத்து, வெளியே தெரியும் மேல்விளிம்பை மட்டும் உட்புறமாகச் சீவி மெலிதாக்குவார்கள். வெல்டிங் தழும்பை மறைக்கக் கூடாது. அசல் வண்டியில் அது கோணலாக இருந்தது, மாடலிலும் அப்படியே வரவேண்டும்.

வண்ணத்துக்கு ஆதாரம் படங்கள். அதில்தான் சிக்கல் அதிகம். அன்று எடுத்த ஸ்லைடுகள் நிறம் மங்கியிருக்கும், கரும்பச்சைக்கும் கறுப்புக்கும் வேறுபாடு தெரியாது. ஸ்லைடைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்திருந்தால் இடது வலது மாறிவிடும். பக்கத்து எழுத்து நேராகத் தெரிகிறதா, ஓட்டுநர் இருக்கை இடப்புறம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் படத்தை நம்பவேண்டும். மேட்டுநிலத்தின் செம்மண் தூசு எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும். அதை அள்ளிப் பூசினால் பெயர் மறைந்துவிடும், பூசாமல் விட்டால் அந்தச் சாலையே காணாமல் போகும். பெயரை டெக்கால் என்னும் ஒட்டுப்படமாக அச்சிடலாம். எழுதியவரின் கை நடுக்கம், ஒரு எழுத்து மற்றதைவிடப் பெரிதாக இருப்பது, சொட்டிய வண்ணம் இவற்றையெல்லாம் கொண்டுவர மெல்லிய தூரிகையும் பூதக்கண்ணாடியும் வேண்டும்.

பிறகு வருவது பேச்சு. அரைகுறையாக ஒட்டிய மாடலின் படத்தைப் பார்க்கும்போது நினைவு எழும்பும். குண்டுப் பெட்டி எந்த மூலையில் இருந்தது, யார் எங்கே நின்றார், தண்ணீர்க் கலம் எதில் தொங்கியது என்று கேள்விக்கு மேல் கேள்வி வரும். ஒரே வண்டியில் இருந்த இருவர் இரண்டு விதமாகச் சொல்வதும் நடக்கும். பெரும்பாலும் இருவரும் சரி, வெவ்வேறு மாதங்களில் இருந்திருப்பார்கள். சிலருக்கு உள்ளே ஆட்களின் உருவம் வேண்டும், சிலருக்கு வேண்டாம். இறந்த தோழர் நின்ற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைப்பதா என்பது கேட்காமல் முடிவு செய்யக்கூடிய விஷயம் இல்லை. செய்பவரின் திறமையைவிட இந்தப் பணிவு முக்கியம். சாலையோரப் புதருக்குள் காத்திருந்த வியட்நாமியர்களின் கதை இந்த மாதிரிகளில் வராது, அதைத் தனியாக எழுதவேண்டும்.

படைவீரர்களே செய்துகொள்ள அவர்கள் கையிலேயே கிட்டைக் கொடுக்கும் வழக்கமும் பழையது. 1971-இல் தொடங்கிய 'ஹெல்ப் ஹீல் வெட்டரன்ஸ்' அமைப்பு அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்குக் கைவேலைப் பொருள்களையும் மாடல் கிட்களையும் அனுப்புகிறது. பிரிட்டனில் 'மாடல்ஸ் ஃபார் ஹீரோஸ்' அதே வேலையைச் செய்கிறது.

துப்பாக்கி லாரியின் கதை வியட்நாமோடு முடிந்திருக்கவேண்டும். ஈராக்கில் அது மறுபடி தொடங்கியது. 2004 டிசம்பரில் குவைத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்டு ரம்ஸ்பெல்டிடம், வண்டிகளுக்குக் கவசம் தேடி நாங்கள் ஏன் குப்பைமேட்டில் இரும்பு பொறுக்கவேண்டும் என்று ஒரு வீரர் கேட்டார். அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடம், வியட்நாம் துப்பாக்கி லாரி வீரர்களைக் கலந்து பேசி, ஐந்து டன் லாரிகளுக்கான கவசப் பெட்டியை வடிவமைத்து ஏறத்தாழ 30 வண்டிகளுக்கு அனுப்பியது. பையன்கள் கிடைத்த தகட்டை வைத்துச் செய்ததை அணுஆயுதம் வடிவமைக்கும் கூடம் பாடமாக எடுத்துக்கொண்டது.

ஈராக் வண்டியும் இப்போது மேசைக்கு வந்துவிட்டது. இத்தாலியின் இத்தாலேரி நிறுவனம் எம்-923 லாரியை வீரர்கள் தாமே பூட்டிய கவசத்தோடு 1/35 கிட்டாக விற்றிருக்கிறது. ஆனால் அங்கும் தகட்டை ஒவ்வொரு பிரிவும் தன் விருப்பப்படி வெட்டியது. 2003, 2004-இல் எடுத்த சிறிய டிஜிட்டல் படங்களைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகின்றன, பல படங்கள் பழுதான கணினிகளோடு போய்விட்டன. நாற்பதைக் கடந்த அந்த ஓட்டுநர்களிடம் மாடல் கலைஞர்கள் இப்போதே மாதத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.