எலிக் கணக்கில் ஒரு காட்டுப்பூனை

செம்பனைத் தோட்டத்தில் எலியால் போவது விளைச்சலில் ஏறத்தாழ 5 விழுக்காடு என்பார்கள். பீடோங், கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தை வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஹெக்டருக்கு 200 எலி, ஓர் எலி நாளுக்கு 5 கிராம் பழச்சதை தின்கிறது என்று கொண்டால் ஆண்டுக்கு 365 கிலோ. அதில் பாதி எண்ணெய், சுமார் 180 கிலோ. டன் 4,000 வெள்ளி என்றால் ஹெக்டருக்கு 720 வெள்ளி நட்டம். 100 ஹெக்டருக்கு 72,000.

இந்த எலிக்குக் கூலியில்லாத காவலாள் சிறுத்தைப்பூனை. உருவம் வீட்டுப்பூனை அளவுதான். மேலெல்லாம் கரும்புள்ளி, காதின் பின்புறம் வெள்ளைப் பொட்டு. பெரும்பாலும் இரவில் வேட்டை, நன்றாக நீந்தும். சினைக்காலம் 60 முதல் 70 நாள், ஈற்றுக்கு 2 அல்லது 3 குட்டி. சபாவின் தாபின் காட்டையும் அதை ஒட்டிய செம்பனையையும் ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஆய்வில், இதன் முக்கிய இரை எலி இனங்களே. ஆணுக்குச் சராசரியாக 3.5 சதுர கிலோமீட்டர் உலாவும் பரப்பு, பெண்ணுக்கு 2.1.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 2.1 சதுர கிலோமீட்டர் என்பது 210 ஹெக்டர்; நம் கணக்கில் 42,000 எலி. இரவுக்கு இரண்டு பிடித்தாலும் ஆண்டுக்கு 730தான், 2 விழுக்காடுகூட இல்லை. ஓர் எலி ஆண்டுக்குத் தின்பது 3 வெள்ளி 65 காசு. 730 எலியும் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதால் மிச்சம் மிஞ்சிப்போனால் 1,300 வெள்ளி. லயத்துப் பக்கம் பத்துக் கோழி போனால், கோழிக்கு 20 வெள்ளி வீதம் 200 செலவு. நிகரம் 1,100. எலியோ ஓயாமல் ஈனும். ஆக, பூனை தோட்டத்தைக் காப்பாற்றும் என்பது மிகை.

ஆனாலும் லாபம் லாபம்தான், முதலீடு இல்லாமல். அதைக் கெடுப்பது எலி மருந்து. மருந்துண்ட எலியைத் தின்ற பூனைக்கும் ஆந்தைக்கும் அதே விஷம் ஏறும். எலி பிடிக்க ஆந்தைக்குக் கூண்டு வைத்துவிட்டு அதே வரிசையில் கடும் மருந்து போடும் தோட்டம் இரண்டு செலவையும் தண்டமாக்குகிறது. இன்னொன்று, தாபினில் பூனைகள் செம்பனையில் வேட்டையாடினாலும் ஓய்வுக்கும் குட்டி போடவும் ஒதுங்கியது காட்டுத் துண்டுகளில். ஜெராய் மலையடியில் ஓடைக்கரைப் புதரை வெட்டாமல் விட்டாலே உதவி.

மரத்தடியில் குட்டி கிடந்தால் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். தாய் பக்கத்தில் இருக்கலாம். தவிர, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.