நெற்றிப்பொட்டில் துடிக்கும் கட்டி: ஏன்? எப்படி?

கிரிக்கெட் பந்து நெற்றிப்பொட்டில் பட்டது, வீக்கமும் வற்றியது. பெரும்பாலும் 2 முதல் 6 வாரம் கழித்து, அதே இடத்தில் ஒரு கட்டி. தொட்டால் நாடி போலத் துடிக்கிறது. ஏன்?

காதுக்கு முன்னால் ஏறித் தலைத்தோலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பொட்டுத் தமனி தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது. அடி விழும்போது மண்டையோட்டோடு நசுங்கி, அதன் சுவரில் ஒரு பகுதி கிழிகிறது. கசிந்த ரத்தம் உறைய, சுற்றிலும் நார்த்திசு உறை உருவாகிறது. பிறகு உறைவின் நடுப்பகுதி கரைந்ததும் தமனி ரத்தம் உள்ளே புகுந்து சுழல்கிறது. இந்த உறையில் தமனிச் சுவரின் அடுக்குகள் இல்லை. அதனால்தான் இது 'போலி' ரத்தநாளப் புடைப்பு.

எப்படிக் கண்டுபிடிப்பது? காதுக்கு முன்னால் தமனியை அழுத்தினால் துடிப்பு அடங்கும். பாதி விஷயம் அந்த விரலிலேயே தெரிந்துவிடும் (ஆனால் தொட்டுப் பார்க்கத் தோன்ற வேண்டுமே!). டாப்ளர் ஸ்கேன் உறுதிசெய்யும், தேவைப்பட்டால் சி.டி. ஆஞ்சியோகிராம். சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறினால் ரத்தம் பீறிடும்.

சிகிச்சை எளிது. தமனியை இருபுறமும் கட்டிவிட்டுப் புடைப்பை வெட்டியெடுப்பார்கள்; பெரும்பாலும் அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டாலே போதும். வேறு தமனிகளும் ரத்தம் தருவதால் தலைத்தோல் கெடாது.

இப்படியொரு கட்டி வந்தால், பழைய அடியையும் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.