சக்கர நட்டுக்கு எவ்வளவு முறுக்கு?

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரிக்கும் ஹூண்டாய், ஒரகடத்தில் 2013 முதல் மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டு ஆகிய ஆலைகளில் முக்கிய நட்டுகள் குறித்த முறுக்குவிசையிலேயே இறுக்கப்படுகின்றன. வண்டி வீட்டுக்கு வந்தபின், ஸ்பேனரில் குழாயைச் செருகி ஏறி மிதிப்போர் பலர். இதனால் போல்ட் நீண்டு பலமிழக்கும். இறுக்கம் குறைந்தாலோ ஓட்டத்தில் நட்டு கழன்று சக்கரமே விலகலாம்.

ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைப்பது சுமார் 98 நியூட்டன் மீட்டர் முறுக்கு. சிறிய கார்களின் சக்கர நட்டுக்கு ஏறத்தாழ இவ்வளவே தேவை. மோட்டார் சைக்கிளில் ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு இதில் கால் பங்கு போதும். அது அலுமினியத்தில் பதிவதால், மிகையானால் மரை உரிந்து பெருஞ்செலவு வைக்கும். டிராக்டர் பின்சக்கரத்துக்கோ 200க்கு மேல் வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

ஆகவே, பெரியதாக ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்பது சரியல்ல. அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே துல்லியத்தை எதிர்பார்க்க இயலாது. கார் வைத்திருப்போர் அரை அங்குல முனையுள்ள 40-200 ரகத்தையும், மோட்டார் சைக்கிள் மட்டும் உள்ளோர் சிறிய ரகத்தையும் வாங்கலாம். டிராக்டர் பின்சக்கரத்தைப் பட்டறையில் இறுக்கிக்கொள்வதே சிக்கனம்.

'கிளிக்' என்றதும் நிறுத்த வேண்டும். நட்டைக் கழற்ற இக்கருவியைப் பயன்படுத்தக் கூடாது. கையேடு சொல்லாவிட்டால் மரையில் எண்ணெய் தடவக் கூடாது. அதே அளவிலும் இறுக்கம் மிகுந்துவிடும். வேலை முடிந்ததும் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வைத்தால் உள்ளிருக்கும் சுருள்வில் தளராது.