தானாக ஆன் ஆகும் ஹோம் தியேட்டர்... தூக்கத்தைக் கெடுப்பது யார்?

திருப்பூர் முதலிபாளையத்தில், சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றி நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் உண்டு. அப்படியொரு வீட்டில், அணைத்துவைத்த ஹோம் தியேட்டர் ரிசீவர் தானாக ஆன் ஆகி அலறினால் அன்றைய தூக்கம் போச்சு! அதற்காக, போர்டு போய்விட்டது என்று உடனே சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

பெரும்பாலும் ரிசீவர் மீது தவறே இருக்காது. டி.வி-யோடு அதை இணைக்கும் ஹெச்.டி.எம்.ஐ கேபிளில் 19 பின்கள் உண்டு. அதில் 13-வது, கருவிகள் ஒன்றுக்கொன்று உத்தரவு போட்டுக்கொள்வதற்கானது. 'சி.இ.சி' என்பார்கள். ஒரே ரிமோட்டில் எல்லாம் இயங்கட்டும் என்று கொடுத்த வசதிதான். ஆனால், டி.வி-யோ செட்டாப் பாக்ஸோ அப்டேட்டுக்காகக் கண் விழித்தால், சும்மா கிடக்கும் ரிசீவரையும் சில நேரம் எழுப்பிவிடும்.

ஹெச்.டி.எம்.ஐ கேபிள்களை எல்லாம் கழற்றிவிட்டு இரண்டு நாள் பார்த்தால் தெரிந்துவிடும். தொல்லை நின்றுவிட்டால், ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கலாம். எதை மாட்டியதும் திரும்புகிறதோ, அந்தக் கருவியின் செட்டிங்ஸில் சி.இ.சி-யை ஆஃப் செய்ய வேண்டும். அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது என்பதுதான் எரிச்சல்! சாம்சங்கில் 'எனிநெட் பிளஸ்', எல்.ஜி-யில் 'சிம்ப்ளிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்'. ஒன்று கவனிக்க வேண்டும்: இதை அணைத்தால் சில மாடல்களில் டி.வி-யின் சத்தம் ரிசீவருக்கு வராது. அங்கே 'ஆட்டோ பவர் ஆன்' வசதியை மட்டும் அணைத்தால் போதும்.

கேபிளே இல்லாமலும் ஆன் ஆகிறதா? வைஃபை, புளூடூத் ஸ்டாண்ட்பையை அணைத்துப் பார்க்கலாம். ரிமோட்டில் பட்டன் அழுந்திக் கிடக்கலாம். கரன்ட் போய் வரும்போது மட்டும் ஆன் ஆகிற மாடல்களும் உண்டு. எதுவும் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். அதுவரை, படுக்கப் போகும்முன் சுவிட்ச்போர்டிலேயே அணைத்துவிடலாம்.