பெட்வொர்த் மாளிகையின் மடைப்பள்ளியும் ஜெபாலயமும்

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஸஸெக்ஸ் ஜில்லாவில் உள்ள பெட்வொர்த் மாளிகையைக் காணச் செல்வோரில் பெரும்பாலோர், டர்னர் என்னும் மகா சித்திரக்காரர் அங்கே விருந்தினராகத் தங்கித் தீட்டிய ஓவியங்களையும், கிரின்லிங் கிப்பன்ஸ் மரத்திலே செதுக்கிய மலர்க்கொத்துகளையும் பார்த்துவிட்டுப் பரம திருப்தியோடு திரும்பிவிடுகிறார்கள். அவை பார்க்கத் தக்கவையே. ஆயினும், ஒரு பிரபுவின் குடும்பமும் அதற்கு ஊழியம் செய்த பரிவாரமும் ஒரே எல்லைக்குள் எப்படிச் சேர்ந்தும் பிரிந்தும் வாழ்ந்தார்கள் என்பதை அறிய விரும்புகிறவர்கள், அம்மாளிகையின் ஜெபாலயத்தையும் மடைப்பள்ளியையும் பார்க்காமல் வரலாகாது என்பது என் அபிப்பிராயம்.

ஜெபாலயம் மாளிகையைவிடப் பழையது. பெர்ஸி வம்சத்தார் அங்கே வாழ்ந்த 13-ஆம் நூற்றாண்டில் அது கட்டப்பட்டது. அவ்வம்சத்தின் வாரிசான எலிஸபெத் பெர்ஸியை 1682-இல் மணந்த ஸோமர்ஸெட் கோமகன், தற்பெருமைக்குப் பேர்போனவர்; 'கர்வம் பிடித்த கோமகன்' என்றே சரித்திரம் அவரைக் குறிக்கிறது. 1688 முதல் பழைய வீட்டைப் புதுக்கி நெடிய மாளிகையாக எழுப்பிய அவர், ஜெபாலயத்தின் கற்சுவர்களை மட்டும் நிற்கவிட்டு, அதன் உட்புறத்தைத் தம் மனம்போல் மரவேலையால் அலங்கரித்தார். கிழக்கே பீடம், அதற்கு நேர் எதிரே, மேற்குக் கோடியில், உயரத்தில் குடும்பத்தார் அமரும் மாடம். அந்த மாடத்தின் மேலே, அரங்கின் முகப்பில் தொங்கும் திரைச்சீலை போல, மடிப்பு மடிப்பாக ஒரு திரை தொங்குகிறது. அருகே சென்று நோக்கினால்தான் அது துணியன்று, செதுக்கி வர்ணம் தீட்டிய மரம் என்பது விளங்கும். பீடத்தை நோக்கிக் கீழே அமர்ந்திருப்போர் திரும்பி அண்ணாந்து பார்த்தாலன்றிப் பிரபுவைக் காண முடியாது. பிரபுவோ இருந்த இடத்திலிருந்தே அனைவரையும் காணலாம். ஆண்டவன் சந்நிதியிலும் அந்தஸ்தைக் கைவிடாத ஒரு மனிதரை அந்த மரத்திரை காட்டிக்கொடுப்பதுபோல எந்தச் சரித்திர நூலும் காட்டாது.

ஜெபாலயத்தில் உயரம் செய்த வேலையை மடைப்பள்ளியில் தூரம் செய்தது. 1714-இல் மாளிகையின் ஒரு பகுதி தீக்கிரையாயிற்று. அக்கினிக்கு அஞ்சியும், புகை, நெடி, பாத்திரச் சத்தம் ஆகியவை விருந்தினரை எட்டாதிருக்க வேண்டும் என்று கருதியும், 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சமையலையும் பணியாளர் இருப்பிடத்தையும் மாளிகையினின்று பிரித்துத் தனிக் கட்டடத்தில் அமைத்தார்கள். இரண்டையும் இணைப்பது நிலத்தடியில் செல்லும் ஒரு சுரங்கப் பாதை. அடுப்பிலிருந்து இறக்கிய உணவு அவ்வழியே சுமந்து செல்லப்பட்டுப் பந்திக்கு வரவேண்டும்; மாளிகையிலிருந்து பார்ப்பவர் கண்ணில் சுமப்பவர் படுவதில்லை.

மடைப்பள்ளியின் கூரை மிக உயரமானது. அடுப்பின் அனல் மேலேறிக் கலைவதற்கு அவ்வுயரம் அவசியம். மாப்பண்டங்களுக்கும், இறைச்சி முதலியவற்றைச் சேமிப்பதற்கும், பாத்திரம் துலக்குவதற்கும் தனித்தனி அறைகள் உண்டு. பிசைந்த மாவிலுள்ள வெண்ணெய் அனலில் உருகிவிடுமாதலால் மாப்பண்ட அறை குளிர்ந்திருக்க வேண்டும் என்பது போன்ற காரணம் ஒவ்வொரு பிரிவினைக்கும் இருந்தது. அலமாரிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட செப்புப் பாத்திரங்கள் வரிசை வரிசையாக மின்னுகின்றன. செம்பு சூட்டை விரைவாகவும் சமமாகவும் பரப்பும். ஆனால் புளிப்பான பண்டம் பட்டால் களிம்பு ஏறி நஞ்சாகும். ஆகையால் உட்புறத்தில் வெள்ளீயம் பூசினார்கள். பூச்சுத் தேயத் தேய மறுபடியும் பூசவேண்டும். வெளிப்புறம் பளபளக்க, மணலும் உப்பும் காடியும் கொண்டு தேய்த்துத் தேய்த்துக் கை வெந்த இளம் பெண்களின் உழைப்பே, இன்று நம் கண்ணைப் பறிக்கும் அந்தச் செந்நிற ஒளி. மரத்திரையைவிட இந்தச் செம்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1947-இல் மாளிகை நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு ஸ்தாபனத்தின் வசம் ஒப்புவிக்கப்பட்டது. இன்று பொதுமக்கள் ஜெபாலயம், மடைப்பள்ளி இரண்டையும் காணலாம். அங்கே போகும் பாக்கியம் வாய்க்கும் வாசகர்கள், சித்திரங்களைக் கண்டு களைத்த பிறகு நேரம் மிஞ்சினால் பார்ப்போம் என்று எண்ணாமல், முதலில் மடைப்பள்ளிக்குச் சென்று, பிறகு ஜெபாலயத்தின் கீழ்த்தளத்தில் சற்று உட்கார்ந்து, திரும்பி அந்த மாடத்தை அண்ணாந்து பார்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.