மாங்கூழ் ஆலை சொன்ன டன்னும் எடுத்த டன்னும்: வித்தியாசக் கணக்கு எழுதும் முறை

பாரூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டினம் வட்டாரங்களில் பெங்களூரா மா வைத்திருக்கும் விவசாயிகள் 2025-ஆம் ஆண்டுப் பருவத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். மகசூல் நன்றாக இருந்தது. ஆனால் முந்தைய பருவத்துக் கூழ் விற்காமல் ஆலைகளில் தேங்கிக் கிடந்ததால் புதுக் காய் வாங்குவதில் ஆலைகள் சுணக்கம் காட்டின. பறிகூலிக்கும் லாரி வாடகைக்கும் கூடக் கட்டுப்படியாகாத விலை ஏற்பட்டது. ஆந்திர அரசு, ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்தது. அதே ஜூன் மாதத்தில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலப் பெங்களூரா காய்கள் உள்ளே வரத் தடை விதித்தது. எல்லைக்கு இப்பால் இருப்பவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது.

விலை வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். "இவ்வளவு டன் எடுப்போம்" என்று பருவத்திற்கு முன் சொல்லப்படும் அளவுக்கும், உண்மையில் எடுக்கப்படும் அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. தொழிற்சாலைகள் இதை மாதந்தோறும் கணக்கிடுகின்றன. ஓசூர் சிப்காட் பட்டறைகளில் வேலை செய்யும் நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். பெரிய வண்டி ஆலையிலிருந்து உதிரிபாகப் பட்டறைக்கு 'ஷெட்யூல்' வரும். நடப்பு மாதத்திற்கு உறுதியான எண்ணிக்கை. அடுத்து வரும் மாதங்களுக்கு உத்தேசம். அந்த உத்தேசத்தை நம்பி இரும்பு வாங்கிப் போட்டவர், உறுதி எண்ணிக்கை குறைந்து வந்தால் முதலை முடக்கிக்கொள்வார்.

பெரியவர்களின் கணிப்பும் தவறுவதுண்டு. போச்சம்பள்ளியில் 2021-இல் எழுந்த மின்சார ஸ்கூட்டர் ஆலை, முழுமை பெறும்போது ஆண்டுக்கு 1 கோடி வண்டி செய்யும் திறன் கொண்டதாக இருக்கும் என்று அறிவிக்கப்பட்டது. 2024-25-இல் அந்த நிறுவனம் விற்றது 4 லட்சத்துக்கும் குறைவு. திறன் வேறு, விற்பனை வேறு என்பது சரிதான். ஆனால் திறனைப் பார்த்து மட்டுமே முதல் போட்டவர்களுக்கு இந்த வேறுபாடு பிறகுதான் உறைக்கும்.

சாட்டையின் நுனி

மாம்பழத்தில் இந்தச் சங்கிலி நீளமானது. பழச்சாறு விற்கும் நிறுவனம் கோடையில் எவ்வளவு விற்கும் என்று கணிக்கிறது. அதை வைத்துக் கூழ் ஆலைக்கு ஆர்டர் தருகிறது. ஆலை மண்டிக்காரரிடம் சொல்கிறது; மண்டிக்காரர் தோட்டத்திற்கு வருகிறார். ஒவ்வொரு கண்ணியிலும் ஒருவர் தம் பங்குக்குக் கொஞ்சம் கூட்டுகிறார் அல்லது பயந்து குறைக்கிறார். சாட்டைக் கம்பைப் பிடித்த கை சிறிது அசைந்தால் போதும், நுனி பல முழம் வீசும். தொழிற்சாலைச் சங்கிலிகளில் ஏற்படும் இந்த விளைவை அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961-ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். நாம் இருப்பது நுனியில்.

ஆலையின் பக்கமும் பார்க்க வேண்டும். காயின் எடையில் ஏறக்குறைய பாதிதான் கூழாகத் தேறும். கிருமி நீக்கி அடைத்த ஒரு பீப்பாயில் 215 கிலோ கூழ் இருக்கும். ஆக, விற்காமல் நிற்கும் ஒவ்வொரு பீப்பாயும் நம் தோட்டத்துக் காய் 400 கிலோவுக்கு மேல் வாங்கப்படாமல் போவதற்குச் சமம். இந்தக் கூழ் ஓராண்டுக்கு மேலும் கெடாது என்பதால் பழைய சரக்கு அடுத்த பருவத்தோடு போட்டிக்கு வந்து நிற்கிறது. ஆகவே ஏப்ரல் மாதத்தில் ஆலைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன், "எத்தனை பீப்பாய் இருப்பில் உள்ளது?" என்று கேட்பது நல்லது. பதில் சொல்லத் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளலாம்.

நோட்டில் என்ன எழுதுவது?

தனி விவசாயிக்கு 40 பக்க நோட்டு போதும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்திருப்பவர்கள் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் 2005 முதல் இத்தகைய மென்பொருளை விற்று வருகிறது. வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், அவர் எப்போது என்ன சொன்னார், எவ்வளவு எடுத்தார், பணம் எப்போது தந்தார் என்பதுதான் இவற்றின் சாரம். நோட்டிலும் அதையேதான் எழுதப்போகிறோம்.

வாங்குபவர் பெயர், சொன்ன தேதி, சொன்ன டன், எடுத்த டன், வித்தியாசம், காரணம் என்று ஆறு கட்டங்கள். இதில் ஒரு விதியை மட்டும் மீறவே கூடாது. முதலில் சொன்ன எண்ணை அழிக்கக் கூடாது. மே முதல் வாரத்தில் 100 டன் என்றவர் ஜூனில் 80 என்று மாற்றினால், 100-ஐ ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அருகில் தேதியுடன் 80 என்று எழுதுங்கள். அவர் கடைசியில் 78 டன் எடுத்தால், 80-ஐ மட்டும் வைத்திருப்பவருக்கு 2 டன்தான் குறைவு என்று தோன்றும். ஆனால் நீங்கள் ஆள் பேசியதும், வேறு வியாபாரியைத் திருப்பி அனுப்பியதும் 100-ஐ நம்பித்தான். மென்பொருளில் பழைய எண்ணைச் சேமித்து வைக்கும் வசதி இருக்கிறதா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடை ரசீதை அன்றன்றே பதிய வேண்டும். பருவம் முடிந்த பின் நினைவிலிருந்து எழுதும் கணக்கு, எழுதுபவரின் கோபத்தையும் சேர்த்தே எழுதும்!

ஒரு உதாரணம்

பாரூர்ப் பக்கம் ஒரு குழு மூன்று ஆண்டுகள் கணக்கு எழுதியதாக வைத்துக்கொள்வோம். ஒரு கூழ் ஆலை முதல் ஆண்டு 100 டன் என்று சொல்லி 70 எடுத்தது. அடுத்த ஆண்டு 80 சொல்லி 60. மூன்றாம் ஆண்டு 120 சொல்லி 84. மொத்தம் 300-க்கு 214, அதாவது 71 சதவிகிதம். ஒரு வெளியூர் வியாபாரி மூன்று ஆண்டும் 40 டன் என்றார். எடுத்தது 46, 28, 45. மொத்தம் 120-க்கு 119.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் வியாபாரி நம்பகமானவர், ஆலை மோசம் என்று தோன்றும். அது தவறு. ஆலையின் பிழை எப்போதும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு. அடுத்த ஆண்டு அவர்கள் 100 என்றால் நாம் 70 என்று எழுதிக்கொண்டு, மீதி 30 டன்னுக்கு மே மாதத்திலேயே வேறு ஆளைத் தேடலாம். நடை மெதுவான கடிகாரம் போன்றது இது. எவ்வளவு பின்தங்கும் என்று தெரிந்தால் நேரம் பார்த்துவிடலாம். வியாபாரியின் பிழையோ இரு பக்கமும் ஆடுகிறது. கூட்டிக் கழித்தால் 1 டன்தான் குறைவு. ஆனால் கூடுதல் குறைவு என்று பாராமல் வித்தியாசங்களை மட்டும் கூட்டினால் 6, 12, 5 ஆக 23 டன். ஆண்டுக்குச் சராசரி 8 டன் அளவுக்கு ஆட்டம். இதைக் கணக்கால் திருத்த முடியாது. 8 முதல் 12 டன் வரை கடைசி நேரத்தில் தள்ளிவிட இடம் ஒன்று கையில் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக் கணக்கு சிறியதுதான். ஆண்டு கூடக் கூட இதன் நம்பகம் கூடும்.

காரணம் என்ற ஆறாவது கட்டத்தைப் பலர் காலியாக விடுகிறார்கள். அது பெரும் நஷ்டம். அவர்கள் எடுக்கவில்லையா, நாம் கொடுக்கவில்லையா என்பது அங்கேதான் தெரியும். பூக்கும் பருவத்தில் மழை, தத்துப்பூச்சி, பிஞ்சு உதிர்தல் ஆகியவற்றால் நம் பக்கத்து மதிப்பீடும் தவறும். பூவைப் பார்த்து ஒரு முறை, காய் கோலிக்குண்டு அளவு ஆனதும் ஒரு முறை, பறிப்பதற்கு முன் ஒரு முறை என்று நம் மகசூல் மதிப்பீட்டையும் மூன்று தடவை தேதியிட்டு எழுதினால், எந்தக் கட்டத்தில் நம் கண் ஏமாறுகிறது என்று விளங்கும். முற்றாத காய் என்று ஆலை திருப்பியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பெங்களூரா கூழில் இனிப்பு 14 பிரிக்ஸ் அளவாவது இருக்க வேண்டும் என்பது வாங்குபவர்களின் வழக்கமான நிபந்தனை. இளங்காயைப் பறித்து அனுப்பிவிட்டு ஆலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

2025-ஐப் போன்ற ஆண்டில் இந்த நோட்டு விலையை உயர்த்தியிருக்காது. அதில் ஐயம் வேண்டாம். ஆனால் ஆலை எடுக்கும் வேகம் குறைவதை முதல் வாரத்து ரசீதுகளே காட்டிக்கொடுத்திருக்கும். அந்த ஒரு வாரத்தில் ஊறுகாய்க்குக் காயாக ஒரு பகுதியைத் தள்ளலாம். பறிப்பை ஒரே மூச்சில் செய்யாமல் பிரித்துச் செய்யலாம். அதிக நாள் மரத்தில் விட்டுவைத்தால் பழ ஈ தாக்கும் என்பதால் அதற்கும் எல்லை உண்டு. முன்பணம் பேசும்போதும் நோட்டு உதவும். "சொன்னதில் முப்பது பங்கு எடுக்காமல் விட்டீர்கள்" என்று தேதியோடு காட்டும் குழுவுக்கும், பொதுவாக முறையிடும் தனி ஆளுக்கும் ஆலை ஒரே பதிலைச் சொல்லாது.

கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உள்நாட்டு மற்றும் ஏற்றுமதிச் சந்தைத் தகவல் மையம் தக்காளி, வெங்காயம், மஞ்சள் போன்ற விளைபொருள்களுக்கு விலை முன்னறிவிப்பு வெளியிட்டு வருகிறது. தக்காளியும் பயிரிடுபவர்கள் அந்த முன்னறிவிப்பையும் அதே நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள்: நாங்கள் சொன்ன விலை, சொன்ன தேதி, ராயக்கோட்டை மண்டியில் உங்களுக்குக் கிடைத்த விலை, வித்தியாசம். எங்களுக்கு என்று தனிச் சலுகை எதுவும் வேண்டாம்.